பலாத் தளிரில் நீளக்குழல் அசுவினி: ‘தமிழ்நாட்டில் முதல் பதிவு’ என்று எழுதலாமா?

14 செப்டம்பர் 2024, மாலை (கேள்வி)

குமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். வீட்டுப் பலாவின் இளந்தண்டில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி, பழுப்பு நிறக் கூட்டம். பின்புறம் இரண்டு நீளக் குழல்கள், அவற்றில் முழுக்க முடி. கைப்பேசிச் செயலி ‘கிரீனிடியா’ என்கிறது. என்னிடம் இருக்கும் தமிழ்நாட்டு அசுவினிப் பட்டியலில் இந்தப் பெயர் இல்லை. அப்படியென்றால் இது தமிழ்நாட்டுக்கு முதல் பதிவுதானே? சின்னக் கட்டுரையாக எழுதி அனுப்பலாம் என்று இருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

14 செப்டம்பர் 2024, இரவு (பதில்; இதற்குக் கீழே எல்லாமே என் பதில்கள்)

படங்களைப் பார்த்தேன். கிரீனிடியா என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அசுவினிகளுக்கு வயிற்றின் பின்பக்கம் ஒரு ஜோடிக் குழல் இருப்பது வழக்கம்தான். ஆனால் அது இவ்வளவு நீண்டு, முடியும் அடர்ந்திருந்தால் கிரீனிடினே என்ற துணைக்குடும்பத்துக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். தெற்கு ஆசியாவிலும் கிழக்கு ஆசியாவிலும் மரங்களில் வாழும் கூட்டம் இது. ஆல், அத்தி, பலா, கொய்யா, மலைப்பகுதி ஓக் மரங்கள் என்று இளந்தளிர் விடும் இடமெல்லாம் இருக்கும்.

ஆனால் படத்தை வைத்து இனப்பெயர் சொல்ல முடியாது. செயலியாலும் முடியாது. முதுகு முடியின் நுனி கூராக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா, இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் இதில் இனம் பிரிக்கிறார்கள். அதற்கு நுண்ணோக்கியும், பூச்சியைப் பதித்து ஒழுங்காகச் செய்த கண்ணாடி வில்லையும் (ஸ்லைடு) வேண்டும். ‘முதல்’ என்ற சொல்லை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பூச்சியைச் சாராயத்தில் போட்டீர்களா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

15 செப்டம்பர் 2024

போடவில்லையாம், படம் மட்டும்தானாம். இன்றைக்கே போடுங்கள். 80 சதவீத எத்தனால் இருந்தால் நல்லது. மரபணு வரிசையும் பார்க்க ஆசை இருந்தால் இன்னொரு குப்பியில் 95 சதவீதத்தில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். இறக்கையில்லாத முதிர்ந்தவை, இறக்கை உள்ளவை, குஞ்சுகள் எல்லாம் வேண்டும். குஞ்சை மட்டும் கொண்டுவந்தால் யாராலும் பெயர் சொல்ல முடியாது. விவரச்சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். அதே கிளையிலிருந்து இலையோடு ஒரு துண்டைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி வையுங்கள். அது ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

15 செப்டம்பர் 2024, இரவு

பலாவில் இந்தப் பூச்சி என்றதும் எனக்கு இலங்கைதான் நினைவுக்கு வந்தது. பலாப் பேரினமான ஆர்ட்டோகார்ப்பஸின் பெயரையே தாங்கிய அசுவினி ஒன்று உண்டு: கிரீனிடியா ஆர்ட்டோகார்ப்பி. ஆக்ஸ்ஃபோர்டின் வெஸ்ட்வுட் 1890-இல் சிலோனிலிருந்து கிடைத்த பூச்சிகளை வைத்து அதை விவரித்தார். அப்போது அதைச் சிஃபோனோஃபோரா என்ற பேரினத்தில் வைத்திருந்தார். 1905-இல் பெல்ஜியத்தின் ஷூட்டெடென் அதை அங்கிருந்து எடுத்துப் புதுப் பேரினம் ஒன்றை உருவாக்கினார். இலங்கையில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த எர்னஸ்ட் கிரீன் என்பவரின் பெயரை அதற்கு வைத்தார். கிரீன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செதில் பூச்சிகளுக்குக் கொடுத்தவர். சிலோன் செதில் பூச்சிகளைப் பற்றி அவர் வெளியிட்ட தொகுதிகளை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். ஆனால் ஒரு பேரினமாக அவர் பெயர் நிலைத்திருப்பது அசுவினியில்.

அதே 1905-இல் ரூப்சாமன் என்ற ஜெர்மானியர் ஷூட்டெடெனின் பெயரில் ஒரு பேரினத்தை ஏற்படுத்தினார். அந்த ஷூட்டெடெனியாவைச் சேர்ந்த ஒன்றுதான் நம்மூர் நெல்லி மரத்தில் வாழ்கிறது: ஷூட்டெடெனியா எம்ப்ளிகா. நெல்லித் தோப்பு வைத்திருப்பவர்கள் அடுத்த தளிர்க் காலத்தில் இலைகளைக் கவனித்துப் பாருங்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பலா மேற்குத்தொடர்ச்சி மலையைச் சொந்த ஊராகக் கொண்ட மரம். அதை உண்ணும் அசுவினிக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் 1890-இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். அதே மரம் வரிசையாக நிற்கும் குலசேகரத்தில் அது கிடைத்தால் ‘புதிதாக வந்தது’ என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை என்பதே நிஜமாக இருக்கலாம். எழுதி வைப்பது அவசியம்தான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

16 செப்டம்பர் 2024

‘பட்டியலில் இல்லையே’ என்று மறுபடியும் கேட்கிறீர்கள். பட்டியலை யார் எதை வைத்துத் தொகுத்தார்கள் என்று பாருங்கள். நம் நாட்டில் அசுவினிக்கென்று உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் மேற்கு வங்கத்தின் கல்கத்தா, கல்யாணி பக்கம். அதனால் வடகிழக்கும் இமயமலையும் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. தெற்கே 1920களில் ஜார்ஜ் தென்னிந்திய அசுவினிகளைப் பற்றி எழுதினார். அதே காலத்தில் கிருஷ்ணமூர்த்தி மைசூர் அசுவினிகளைப் பார்த்தார். இன்று பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் கர்நாடக அசுவினிகளுக்கென்று படங்களோடு இணையத்தளமே வைத்திருக்கிறது. உங்கள் படத்தை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் பருத்தி, நிலக்கடலை, தட்டைப்பயறு அசுவினிகளைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். பயிருக்குச் சேதம் என்றால் பணம் வரும், ஆள் வருவார்கள். பலாத் தளிரில் இருப்பதால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, அதனால் யாரும் ஏணி போட்டு ஏறுவதில்லை.

16 செப்டம்பர் 2024, பிற்பகல்

இன்னொரு காரணமும் உண்டு, அதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. நான் வில்லை செய்யக் கற்றுக்கொண்ட ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஓர் அலமாரி நிறைய அசுவினிக் குப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஊர், மரம், தேதி. பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் ஓய்வு பெற்றார். சாராயம் ஊற்ற ஆளில்லாமல் குப்பிகள் வற்றின, கட்டடம் மாற்றும்போது அலமாரியோடு எல்லாம் போயிற்று. அந்தப் பூச்சிகளை வைத்து எழுதிய ஆய்வேடுகளில் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அந்தப் பெயர் சரிதானா என்று இன்றைக்குத் திரும்பப் பார்க்க ஒரு பூச்சிகூடக் கிடையாது. அவற்றில் உண்மையான முதல் பதிவுகள் இருந்திருக்கும் என்றே நம்புகிறேன், ஆனால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

அதனால்தான் கட்டுரையை விடக் குப்பிக்கு இவ்வளவு அவசரப்படுகிறேன்.

18 செப்டம்பர் 2024

கிளைத்துண்டு ஏன் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மர அசுவினிகளை இனம் காண உலகம் முழுக்கப் பயன்படுத்துவது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பிளாக்மேனும் ஈஸ்டாப்பும் 1994-இல் கொண்டுவந்த நூலை. அது மரத்தின் பேரினத்தில் தொடங்கும். இந்த மரத்தில் இதுவரை கண்ட அசுவினிகள் இவை, இவற்றை இப்படிப் பிரி என்று போகும். மரம் தப்பானால் தொடக்கத்திலேயே தப்பான பக்கத்தில் நிற்போம். உங்கள் ஊரில் பலாவும் அயனியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டும் ஆர்ட்டோகார்ப்பஸ்தான், பக்கம் மாறாது. ஆனால் இனம் வேறு, பதிவில் வேறாகத்தான் எழுத வேண்டும். அத்தியும் அரசும் ஃபைகஸ் பக்கத்துக்குப் போய்விடும். அங்கே காத்திருப்பது கிரீனிடியா ஃபிசிகோலா.

அப்புறம், மரத்தில் உட்கார்ந்திருப்பதெல்லாம் அந்த மரத்தை உண்பவை அல்ல. இறக்கை உள்ளவை காற்றில் எங்கெங்கோ போய் இறங்கும். தனியாக ஒன்றை மட்டும் இலையில் கண்டால் ஊர்ப் பதிவு என்று எழுதலாம், உணவு மரம் என்று எழுதக் கூடாது. தாயும் குஞ்சுகளும் சேர்ந்து இருந்தால்தான் அந்த மரத்தில் குடித்தனம் நடக்கிறது என்று பொருள். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் நிலையம் 1964 முதல் 12.2 மீட்டர் உயரத்தில் காற்றை உறிஞ்சும் பொறி வைத்து அசுவினிகளைப் பிடிக்கிறது. எது எப்போது பறக்கிறது என்று சொல்ல அது அருமையான ஏற்பாடு. ஆனால் எந்த மரத்திலிருந்து வந்தது என்பதை அந்தப் பொறி சொல்லாது.

21 செப்டம்பர் 2024

நேற்று ஒருவர் கேட்டிருந்தார்: ‘பெயர் சரியாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அசுவினி அசுவினிதானே?’

ஆப்பிரிக்காவில் சைப்ரஸ் மரங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1986-இல் மலாவியில் சைப்ரஸ் தோட்டங்கள் கிளை கிளையாகப் பழுப்பாகிக் காயத் தொடங்கின. 1990-இல் கென்யாவுக்கும் வந்தது. உகாண்டா, தான்சானியா, ருவாண்டா, புருண்டி, ஜிம்பாப்வே என்று கிழக்கிலும் தெற்கிலும் பரவியது. காரணம் சினாரா என்ற பேரினத்து அசுவினி. ஊசியிலை மரங்களின் தண்டில் கூட்டமாக ஒட்டியிருக்கும் பெரிய வகை. கட்டட மரத்துக்கும் விறகுக்கும் அந்த நாடுகளில் பல்லாயிரம் குடும்பங்கள் சைப்ரஸை நம்பியிருந்தன. செத்த மரங்களின் மதிப்பு மட்டும் 1991 வாக்கில் 4.4 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். மலாவியின் முலாஞ்சே மலையில் மட்டும் இயற்கையாக வளரும் முலாஞ்சே செடாரையும் அது விடவில்லை.

எல்லோரும் அதைச் சினாரா குப்ரெசி என்றே எழுதினார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தது, பூச்சியும் ஏறக்குறைய பொருந்தியது. பெயரைப் பிடித்துக்கொண்டு அதைக் கொல்லும் எதிரிப் பூச்சியையும் தேடினார்கள். 1994-இல் பௌயேசியா ஜூனிபெரோரம் என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியை மலாவியில் விட்டார்கள். பல நாடுகளிலிருந்து சேர்த்த பூச்சிகளை அளந்து ஒப்பிட்ட பிறகு, ஆப்பிரிக்காவில் இருப்பது தனி இனம் என்று 1999-இல்தான் வாட்சனும் மற்றவர்களும் பெயர் வைத்தார்கள்: சினாரா குப்ரெசிவோரா. அதன் சொந்த நாடு கிழக்குக் கிரேக்கத்திலிருந்து காஸ்பியன் கடலின் தெற்குப் பக்கம் வரை நீளும் நிலம் என்றும் அப்போதுதான் தெளிவானது. மலாவியில் மரங்கள் காயத் தொடங்கிப் 13 ஆண்டுகள் கழித்து.

எதிரிப் பூச்சியைத் தேடுபவர் முதலில் கேட்பது ‘இது எந்த ஊர்ப் பூச்சி?’ என்றுதான். இனப்பெயர் கலங்கியிருந்தால் அந்தக் கேள்விக்குக் கலங்கிய பதில்தான் வரும்.

22 செப்டம்பர் 2024

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் குளவி பயன்படவே இல்லை என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். அப்படி நான் சொல்லவில்லை. உறவுக்கார இனத்தின் ஒட்டுண்ணி சில சமயம் நன்றாகவே வேலை செய்யும். நான் சொல்ல வந்தது, எங்கே தேடுவது என்ற முடிவு பெயரைப் பொறுத்தது என்பதை மட்டுமே.

இதற்கு நேரெதிரான கதை நியூசிலாந்தில். வில்லோ மரத்தின் ராட்சத அசுவினி டியூபரோலாக்னஸ் சாலிக்னஸ் 2013-இல் ஆக்லாந்து பக்கம் தென்பட்டது. அதை வேறொன்றோடு குழப்பவே முடியாது. ஐந்தாறு மில்லிமீட்டர் நீளம், முதுகின் நடுவில் ஒற்றை முள் போன்ற கூம்பு. ஆண் பூச்சியை இதுவரை யாரும் கண்டதில்லை, எல்லாமே தாய்கள். பெயரில் குழப்பமில்லாததால் நேராக எதிரிப் பூச்சிக்குப் போனார்கள். கலிபோர்னியாவிலிருந்து பௌயேசியா நிக்ரோவேரியா என்ற குளவியைக் கொண்டுவந்து, சோதித்துப் பார்த்து, 2020-இல் வெளியே விட்டார்கள்.

அங்கே முதலில் குரல் கொடுத்தவர்களில் தேனீ வளர்ப்போரும் உண்டு. இந்த அசுவினி சொரியும் தேன்கழிவில் மெலிசிட்டோஸ் என்ற சர்க்கரை அதிகம். தேனீ அதைக் கொண்டுபோய் அடையில் வைத்தால் அடைக்குள்ளேயே கல்லாக இறுகிவிடும், பிழிய வராது.

நம் பக்கத்து ஆற்றங்கரைகளில் நிற்கும் ஆற்றுப்பாலையும் வில்லோதான், சாலிக்ஸ் பேரினம். மலையடிவார ஆறுகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அதன் தண்டை மார்கழி, தை மாதங்களில் பாருங்கள். எனக்கு ரொம்ப நாள் ஆசை.

27 செப்டம்பர் 2024

‘முதலில் விவரித்த ஊர்தான் சொந்த ஊர், அப்படித்தானே?’ என்று ஒரு கேள்வி. இல்லை. பூமருது இனத்து அலங்கார மரமான லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகாவில் ஒரு மஞ்சள் அசுவினி வாழும். அதன் பெயர் டினோகாலிஸ் கஹவாலுவோகலனி. ஹவாய் மொழிச் சாயலில் இந்தப் பெயரை 1907-இல் கிர்கால்டி வைத்தார், ஹவாயில் கிடைத்ததால். மரமும் ஆசியாவிலிருந்து போனது, பூச்சியும் அதோடு போனது. எலுமிச்சை இனங்களுக்கு டிரிஸ்டெசா வைரஸைப் பரப்பும் சிட்ரிசிடஸ் அசுவினிக்கும் அதே ஆள், அதே ஆண்டு, அதே ஹவாய். அதுவும் ஆசியப் பூச்சிதான். 1995-இல் புளோரிடாவுக்குள் வந்தபோது அங்கே ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் எப்படிப் பயந்தார்கள் என்பதைப் படித்திருப்பீர்கள்.

மறுபக்கமும் உண்டு. லாகூரில் தாஸ் 1918-இல் செல்டிஸ் மரத்திலிருந்து ஒரு வெண்பஞ்சு அசுவினியை விவரித்து, சிவனின் பெயரில் சிவாஃபிஸ் செல்டி என்று வைத்தார். 1990களில் அது அமெரிக்காவின் ஜார்ஜியாவிலும் புளோரிடாவிலும், 2002-இல் கலிபோர்னியாவிலும் ‘முதல் பதிவு’ ஆனது. ஆல், அத்தி மரங்களின் கிரீனிடியா ஃபிசிகோலா 1921-இல் தைவானில் பெயர் பெற்றது. 2000களின் தொடக்கத்தில் புளோரிடா, பிரேசில், சிசிலி என்று அடுத்தடுத்துப் பதிவானது. இவையெல்லாம் நிஜமாகவே கப்பலேறியோ விமானமேறியோ போனவை. ஆசியாவின் பூச்சி அட்லாண்டிக்குக்கு அப்பால் நகரத்து நிழல்மரத்தில் இருந்தால் ‘வந்தது’ என்று தைரியமாகச் சொல்லலாம். மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் அந்தத் தைரியம் செல்லாது.

5 அக்டோபர் 2024

குப்பி வந்து சேர்ந்தது. சீட்டில் ஊர், மரம், தேதி, உயரம், யார் எடுத்தது என்று எல்லாம் இருக்கிறது. மிக்க மகிழ்ச்சி.

உள்ளே இரண்டு வகை! நீளக்குழல் பழுப்புக்காரர்களோடு கறுப்பாக, குட்டைக் குழலோடு கொஞ்சம். இறக்கை உள்ள கறுப்பு ஒன்று இருந்ததால் வேலை எளிதாயிற்று. முன்னிறக்கையின் நடு நரம்பு ஒரே முறைதான் கவைக்கிறது. அது ஏஃபிஸ் ஆரன்ஷியை என்ற இனம். தேயிலை, எலுமிச்சை, கொக்கோ, பலா எல்லாவற்றிலும் வாழ்வது. மேலே சொன்ன சிட்ரிசிடஸாக இருந்தால் அந்த நரம்பு இரண்டு முறை பிரிந்திருக்கும். கைக்கண்ணாடி இருந்தாலே பார்த்துவிடலாம், யாரும் கற்றுக்கொள்ளலாம்.

பழைய புத்தகங்களில் இது டாக்சாப்டெரா ஆரன்ஷியை என்று இருக்கும். 1841-இல் முதலில் விவரித்தபோது ஏஃபிஸ் ஆரன்ஷியைதான். பின்கால் முட்களை வயிற்றோரத்து வரிகளில் உரசி ஒலி எழுப்பும் உறுப்பு இருப்பதால் தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஏஃபிஸுக்குள்ளேயே விழுந்தது, 2014-க்குப் பிறகு பழைய பேரினத்துக்கே திரும்பிவிட்டது. உங்கள் குறிப்பில் ஏஃபிஸ் ஆரன்ஷியை என்று எழுதி, டாக்சாப்டெரா என்றும் ஒரு வரி சேருங்கள். பட்டியலில் தேடுபவருக்கு இரண்டும் வேண்டும்.

12 அக்டோபர் 2024

நீளக்குழல்காரரை வில்லையாக்கினேன். சாராயத்தில் மெல்லச் சூடாக்கி, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் உள்ளே இருப்பதைக் கரைத்து, கழுவி, நீர் நீக்கி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் பதித்தேன். காரத்தில் அதிக நேரம் விட்டால் உணர்கொம்பு கழன்றுவிடும். கொம்பின் கடைசிக் கணு போனால் பாதி அடையாளம் போச்சு. நிதானம் வேண்டும்.

இறக்கையில்லாதவை ஆர்ட்டோகார்ப்பியோடு ஒத்துப்போகின்றன. முதுகு முடியும், குழலின் வளைவும், வாயலகின் கடைசிக் கணுவும் பொருந்துகின்றன. ஆனால் இந்தக் குழுவில் இறக்கை உள்ளவற்றின் உணர்கொம்புத் துளைகளையும் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இறக்கைக்காரர் குப்பியில் இல்லை. கூட்டம் நெருக்கமாகித் தண்டு முற்றும்போது இறக்கை உள்ளவை பிறக்கும். அதே கிளையை அந்த நேரத்தில் மறுபடி பாருங்கள்.

13 அக்டோபர் 2024

ஆமாம், இடையில் ஒரு குறிப்பு வெளியிடலாம். தலைப்பில் ‘முதல்’ வேண்டாம். ‘கன்னியாகுமரி மாவட்டத்தில் பலாவில் கிரீனிடியா, ஆர்ட்டோகார்ப்பியை ஒத்தது’ என்று போடுங்கள். வில்லைகளில் ஒரு தொகுதியைப் பெங்களூருப் பணியகத்துக்கு அனுப்பி, அவர்கள் தரும் எண்ணைக் குறிப்பில் சேருங்கள். பழைய இலக்கியம் முழுக்கப் புரட்டி, வேறு யாரும் எழுதவில்லை என்று உறுதியானால், ‘நாங்கள் பார்த்த அளவில் தமிழ்நாட்டிலிருந்து முந்தைய பதிவு இல்லை’ என்ற ஒரு வரியை உள்ளே எழுதலாம். அந்த வரிக்கு அவ்வளவு இடம் போதும்.

20 அக்டோபர் 2024

வீட்டில் மருந்தடிக்கச் சொல்கிறார்களாம், இலையெல்லாம் கறுப்பாகிவிட்டது என்று. அந்தக் கறுப்பு தேன்கழிவின் மேல் வளரும் பூஞ்சணம், மழையில் கழுவிப் போய்விடும். வளர்ந்த பலாவை இது ஒன்றும் செய்யாது. அனுப்பிய படத்திலேயே ஆறுபுள்ளிப் பொறிவண்டு தெரிகிறது, உப்பிப் பழுப்பாக ஒட்டிக்கிடப்பவை குளவி முட்டையிட்ட அசுவினிகள். மருந்தடித்தால் முதலில் சாவது இவைதான். தண்டில் முசுறு ஏறிக் காவல் காத்தால் அடிமரத்தில் சாம்பலைப் பட்டையாகத் தூவிப் பாருங்கள்.

உப்பிக் கிடப்பவற்றைத் தொடாமல் சின்ன டப்பாவில் போட்டுப் பஞ்சால் அடைத்து வையுங்கள். குளவி வெளியே வந்ததும் அதையும் சாராயத்தில் போட்டு, ‘பலா, கிரீனிடியாவிலிருந்து’ என்று பென்சிலில் எழுதி அனுப்புங்கள்.